புடவைக்கடைக்கு மேலே ஒரு விமானம்

விமானப் பணிப்பெண் என்றால் ஆகாயத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவள் என்றுதான் என் அம்மா நினைத்திருந்தார். “வீட்டுல ஒரு கோப்ப தேத்தண்ணி ஊத்தித் தரமாட்டா, மேல போய் ஊத்தப்போறாளாம்” என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் வகுப்புக்குப் போகும்வரை எனக்கும் அதற்கு மேல் தெரியாது. உயரம் இருந்தது. இங்கிலீஷ் ஓரளவு வந்தது. வயது இருபத்தொன்று. நாட்டில் சண்டை. வெளியே போக ஏதாவது ஒரு வழி வேண்டும் என்று எல்லோரும் அலைந்த காலம், நானும் அலைந்தேன்.

பயிற்சிப் பள்ளி வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பள்ளி என்று சொல்வதே அதிகம். ஒரு பெரிய அறை. அதற்குள் பலகை அடித்து ஒரு விமானத்தின் வயிற்றைச் செய்து வைத்திருந்தார்கள். உடைத்து விற்ற ஏதோ ஒரு விமானத்தின் இருக்கைகள் ஆறு வரிசை. ஜன்னல்கள் பெயின்டால் வரைந்தவை. அவற்றுக்குள் யாரோ பஞ்சு மாதிரி முகிலும் வரைந்திருந்தார்கள். கதவு மட்டும் உண்மையான விமானக் கதவின் அளவு. கதவுக்கு வெளியே, சறுக்கி இறங்கும் பாதைக்குப் பதிலாக மூன்று பழைய மெத்தைகள். கீழே வீதியில் பெரிய லொறி போனால் முழு விமானமும் ஆடும். “ஸீட் பெல்ட்டப் போடுங்க” என்று யாராவது கத்துவோம். அதுவரை நான் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. பிறகு எத்தனையோ தரம் ஏறிவிட்டேன். இன்றைக்கும் விமானம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பலகைப் பெட்டிதான்.

எங்களுக்குப் படிப்பித்தவர் அரபு நாட்டு விமானங்களில் பத்து வருடம் பறந்துவிட்டு வந்த ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண். மிஸ் என்போம். முதல் நாளே பன்னிரண்டு பேரையும் அந்த இருக்கைகளில் உட்காரவைத்துச் சொன்னார்.

“சாப்பாடு குடுக்கிறது சும்மா இருக்கிற நேரத்துக்கு. உங்கட வேலை அது இல்ல. பிளேன் நெருப்புப் பிடிச்சா தொண்ணூறு செக்கன்ல எல்லாரையும் வெளிய எடுக்கணும். அதுக்குத்தான் சம்பளம். பல்லக் காட்டுறதுக்கு இல்ல.”

சொல்லிவிட்டு அடுத்த இரண்டு கிழமையும் பல்லைக் காட்டத்தான் பழக்கினார். பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். பென்சிலை எடுத்த பிறகும் வாய் அப்படியே நிற்க வேண்டும். மேல்வரிசைப் பல் தெரியலாம், கீழ்வரிசை தெரியக்கூடாது. எனக்கு வரவேயில்லை.

“நீ சிரிச்சா கடிக்க வாற மாதிரி இருக்கு மகள்.”

“சிரிப்பு வந்தா சிரிப்பன் மிஸ். சும்மா என்னத்துக்குச் சிரிக்கிறது?”

“சம்பளத்துக்கு.”

முதல் நாள் சொன்னதை மனுஷி மறந்தே போயிருந்தார்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்குச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சண்டையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, வன்னியில் மூன்று இடம் மாறி, கடைசியில் குடும்பம் வவுனியாவில் ஒரு சொந்தக்காரரின் ஒற்றை அறையில் இருந்தது. அவள் மட்டும் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்திருந்தாள். அந்தக் காலத்தில் வவுனியாவைத் தாண்ட ஆமிக்காரர் தரும் கடதாசி ஒன்று வேண்டும். அதைத்தான் பாஸ் என்றோம். சொந்த நாட்டுக்குள் பஸ் ஏறுவதற்கு அனுமதிக் கடதாசி. இப்போது எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வேறு ஐந்து பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த துண்டில், தங்குவதற்குக் காரணம் என்ற இடத்தில் எங்கள் வகுப்பின் பெயர் எழுதியிருந்தது. வகுப்பு முடிந்தால் காரணமும் முடிந்தது. கடைசிப் பரீட்சையில் தேறினால், ஆள் எடுக்க வரும் அரபு நாட்டு விமானக் கம்பனிக்குக் கொடுக்கும் பட்டியலில் அவள் பெயர் போகும். தேறாவிட்டால் மறுபடி வவுனியா. இன்னொரு பாஸ் கிடைக்கும் என்று அவளே நம்பவில்லை.

இதெல்லாம் ஒரு மாதம் பழகிய பிறகு அவள் சொன்னது. முதல் நாள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “உம்மட பேனையை ஒருக்கா தாரும்.” எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்றால், மூன்று தரம் ‘என்னா?’ என்று கேட்டு, கடைசியில் அவள் விரலால் பேனையைக் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டாள். நான் கத்தோலிக்க வேதக்காரி, வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டேன், மீன் சாப்பிடுவேன். மீன் குழம்பு வாசத்தில் அவள் மூக்கைத் திருப்பிக்கொண்டு பாணும் சம்பலும் சாப்பிடுவதைப் பார்த்து, வெள்ளிக்கிழமைகளில் நானும் பருப்போடு வரத் தொடங்கினேன். வீட்டில் அம்மா சந்தேகப்பட்டார். “சைவத்துக்கு மாறிட்டியா?”

நான் அவளை ‘யாழ்ப்பாணம்’ என்று கூப்பிடுவேன். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போய் ஓடிவந்தாள்.

“உமக்கு விசரே? ரோட்டில நிண்டு அப்பிடிக் கூப்பிடாதையும்!”

“கூப்பிட்டா என்ன?”

“உமக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான்.”

அது உண்மை. எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு அது வராமல் எப்படி? கவுண் போட்டு, கழுத்தில் சிலுவை தொங்கினால், பஸ்ஸில் ஒருவரும் என்னைத் தமிழ் என்று நினைக்க மாட்டார்கள். செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கும்போது ஆமிக்காரனிடம் சிங்களத்தில் “அண்ணே, சுறுக்கா பாருங்க, வேலைக்கு நேரமாகுது” என்று நானே சண்டைக்குப் போவேன். அடையாள அட்டையைப் பார்க்காமலே போகச் சொல்லுவான். அவளுக்கு அப்படி இல்லை. பஸ் மெதுவாகும்போதே பையைத் திறந்துவிடுவாள். ஆமிக்காரன் கையை நீட்டுவதற்கு முன்னால் அட்டை அவன் கைக்குப் போயிருக்கும். கண் அவனுடைய சப்பாத்தில் இருக்கும். ஏன் இப்படிப் பயந்து சாகிறாய் என்று நான் கேலி பண்ணுவேன். கேலி பண்ண எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

வகுப்பில் அவளை விட்டால் ஆள் இல்லை. தட்டத்தில் எட்டுக் கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, ஆடுகிற பலகை விமானத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடப்பாள். பொரளைப் பக்கம் இருந்த ஒரு நீச்சல் குளத்தில், உயிர்காப்புச் சட்டையோடு குதிக்கும் பயிற்சியில் நான் தண்ணீர் குடித்துச் செத்துப்போகப் பார்த்தேன். என்னை இழுத்து வெளியே போட்டவள் அவள்தான். வாயில் ஊதி உயிர் கொடுப்பது, மூச்சுத் திணறுகிற குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டுவது எல்லாம் ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடியை எப்படியோ சுருட்டி, மிஸ் கேட்ட, பேக்கரிப் பணிஸ் அளவுக் கொண்டைக்குள் அடக்கிவிடுவாள். நாங்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்ப்போம்.

அவளுக்கு வராதது ஒன்றுதான். சத்தம்.

விமானம் விழுந்தால் பணிப்பெண் கத்த வேண்டும். நல்ல பிள்ளையாகச் சொன்னால் ஒருவரும் அசைய மாட்டார்கள், பயத்தில் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கும் பையை எடுக்கப் போவார்கள் என்று மிஸ் சொன்னார். கடைசி வரிசைவரை கேட்கும்படி, “லீவ் எவ்ரிதிங்! கம் திஸ் வே! ஜம்ப்!” என்று திரும்பத் திரும்பக் கத்த வேண்டும். எனக்கு அது சோறு சாப்பிடுகிற மாதிரி. கொட்டாஞ்சேனையில் தண்ணீர்க் குழாயில் வரிசைக்கு நின்று வளர்ந்தவள் நான். அவள் வாயைத் திறந்தால் ஒரு பூனைக்குட்டி வரும்.

புகைப் பயிற்சியை மறக்க மாட்டேன். புகை உண்டாக்குகிற மெஷின் வாங்க பள்ளிக்கு வசதியில்லை. மிஸ் ஒரு சட்டியில் தணல் போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டி, அந்தப் பலகை விமானத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நாங்கள் குனிந்து, நிலத்தைத் தடவிக்கொண்டு வெளியேற வேண்டும். உள்ளே பார்த்தால் ஒருவரும் குனியவில்லை. சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியவுடன் பாதிப் பேர் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவள் சிலுவை போட்டாள். நானும் போட்டேன். மிஸ் வெளியே நின்று கத்தினார். “எரியிற பிளேனுக்குள்ள கும்பிட்டுக்கொண்டு நிக்கிறீங்களா, அறுவான்களே! வெளிய வாங்க!”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மிஸ்ஸுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பிராணியால் என்று சொன்னார்.

கடைசிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற விமானி. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு, கையில் ஒரு கோப்பு. ஓய்வுபெற்ற பிறகும் எதற்கு அந்தக் கோடு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருவராகக் கதவடியில் நிற்க வேண்டும். ரேடியோவில் இரைச்சல் போடுவார்கள். நாங்கள் மீதிப் பேர் பயணிகள். அவரும் ஒரு பயணியாக நடிப்பார்.

அவள் முறை வந்தது. இரைச்சல் தொடங்கியது. சாம்பிராணியும் கொஞ்சம். அவள் கதவைத் திறந்தாள், வெளியே பார்த்தாள், எல்லாம் சரியாகச் செய்தாள். வாயைத் திறந்தாள். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கே கேட்கவில்லை. அந்த நேரம் பரீட்சைக்காரர் எழுந்து, ஒரு கையில் பையோடு, மற்றக் கையை அவளுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு போனார். பயந்துபோன பயணியாக, என்னைப் பிடி, எந்தப் பக்கம் போவது என்று கேட்கிற மாதிரி. அவள் அவரை வாசலால் தள்ளியிருக்க வேண்டும்.

அவள் என்ன செய்தாள் என்றால், சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, அதோடு பொலிஸ் துண்டையும் சேர்த்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். கண் அவருடைய சப்பாத்தில்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன், என் குரலைப் பற்றித்தான் சொன்னேனே. பரீட்சைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பி அவள் கையில் வைத்து, இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். “ஒரு கிழமை தருகிறேன். இன்னொரு தரம்தான். அதற்குப் பிறகு இல்லை.”

அன்று அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் பின்னாலேயே அவளுடைய ஒழுங்கைவரை போனேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வாசலில் நின்று சொன்னேன்.

“நாளைக்கு நாலு மணிக்குக் கடக்கரைக்கு வா. கத்தப் பழகுவோம்.”

“நீர் சிரிச்சனீர்.”

“ஓ, சிரிச்சன். நாளைக்கு வாறியா இல்லியா?”

வந்தாள்.

வெள்ளவத்தைக் கடற்கரை என்றால் பெரிய மணல்வெளி என்று நினைக்க வேண்டாம். ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கல், கல்லுக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற அளவு மணல். நான் ஐம்பது அடி தள்ளி ஒரு கல்லில் ஏறி நின்றேன். கேட்டால் கையைத் தூக்குவேன் என்று ஏற்பாடு. அவள் கத்தினாள் என்று நினைக்கிறேன், வாய் அசைந்தது. அலைச் சத்தம்தான் கேட்டது.

“கேக்கல்ல!” என்று கத்தினேன்.

வாய் அசைந்தது.

“கேக்கல்லடி! நாசமாப் போன மீனுக்குக்கூடக் கேக்கல்ல!”

என் சத்தம் கேட்டு ரயில் பாதைக் காவலரணிலிருந்து ஒரு ஆமிக்காரன் துவக்கோடு ஓடிவந்தான். எங்கள் வயதுதான் இருக்கும். “அய் நங்கி, கேகஹன்னே?” தங்கச்சி, ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவளுடைய அட்டை வெளியே வந்துவிட்டது. நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். பிளேன் வேலை, பரீட்சை, கத்தாவிட்டால் பெயில். அவன் நம்பவில்லை. பிறகு அவளுடைய கொண்டையைப் பார்த்து நம்பினான்.

“நானும் பிளேனில் போயிருக்கிறேன்” என்றான் சிங்களத்தில். “பலாலிக்கு. நிலத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். கதவு எங்கே இருக்கிறது என்றுகூட ஒருத்தனும் சொல்லவில்லை.”

பலாலி என்ற சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆமியின் விமானத்தளம் இருந்த இடம், அவள் வீடு அதற்குப் பக்கத்தில்தான். முதல் தரமாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“சரி, இப்போது சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்று துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, விமானப் பயணி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அவன் ஒரு கல்லில் உட்கார்ந்தான். அவள் முயற்சி செய்தாள். ஆமிக்காரனுக்கு முன்னால் நின்று கத்து என்றால் அவளுக்கு எங்கே வரும்? அவன் தலையை ஆட்டினான். “இந்தச் சத்தத்துக்கு நான் உள்ளேயே எரிந்துபோவேன் நங்கி” என்றான். இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அந்தப் பொடியன் பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் நல்லது.

நான் அவன் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு அந்தச் சொல்லுச் சொல்ல வருகுதில்லை.”

“எந்தச் சொல்லு?”

“லீவ் எவ்ரிதிங்.”

பிறகு சொன்னாள். வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளில், ஊர் முழுக்க ரோட்டில் இறங்கிவிட்டது. அப்பா மட்டும் திரும்பி உள்ளே போய்விட்டார். தையல் மெஷினை எடுக்கவாம். பிறகு சைக்கிளை எடுக்கவாம். பிறகு கோழிகளைத் திறந்துவிடவாம். ஷெல் கிட்ட விழத் தொடங்கியது. அவளுடைய அம்மா வாழ்நாளில் சத்தம் வைத்துக் கதைத்ததில்லை, பக்கத்து வீட்டுக்குக்கூட அவர் குரல் தெரியாது. அந்த அம்மா ரோட்டு நடுவில் நின்று கத்தினாராம்.

“எல்லாத்தையும் விட்டிட்டு வாங்கோ!”

“அப்பா கோழியோட ஓடி வந்தவர்” என்றாள். “பின்னால வீடு விழுந்தது.”

வேறு யாராவது என்றால் அவளைக் கட்டிப்பிடித்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் வராது. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

“அப்ப அதக் கத்து” என்றேன். “என்னத்துக்கு இங்கிலீஷ்? ஒங்கம்மா கத்தினதக் கத்து.”

அவள் கத்தவில்லை. எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, “நாளைக்கு வெள்ளி, பருப்புக் கொண்டு வாரும்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடற்கரைக்கு வரவும் மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒரு கிழமை கழித்து அதே அறை, அதே ரேடியோ இரைச்சல், அதே சாம்பிராணி. காலையில் நான் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அவளுக்காக மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே பிள்ளையாரோடு ஏதோ ஒப்பந்தம் வைத்திருந்தாள். இரண்டு பேரும் சண்டை பிடிக்கக் கூடாது அல்லவா?

அவள் கதவடியில் நின்றாள். முகம் சுண்ணாம்பு மாதிரி. கதவைத் திறந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பரீட்சைக்காரர் எழுந்தார். இந்தத் தரம் கையை நீட்டவில்லை. பயணி மாதிரி மேலே இருந்த தட்டிலிருந்து பையை இழுத்து எடுத்தார். அதை வைத்துவிட்டு இன்னொரு பையை எடுக்கப் போனார். நான் மூன்றாவது வரிசையில் என் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பென்சில் இருந்தால் அதையும் கடித்திருப்பேன்.

அவர் மூன்றாவது பைக்குக் கையை நீட்டியபோது அது வந்தது.

“எல்லாத்தையும் விட்டிட்டு வாங்கோ!”

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு மெல்லிய உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம். பரீட்சைக்காரர் பையைக் கைவிட்டார். அது என் கால்விரலில் விழுந்தது. “விட்டிட்டு வாங்கோ! ஓடி வாங்கோ! குதியுங்கோ!” தமிழ் தெரியாத பிள்ளைகளும் எழுந்து ஓடினார்கள். நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். பரீட்சைக்காரரின் சட்டையைப் பிடித்துத் திருப்பி வாசலால் தள்ளிவிட்டாள். தங்கக் கோட்டோடு அவர் மெத்தையில் போய் விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே சொன்னார். “நல்லது. இப்போது இங்கிலீஷில்.”

அதே சத்தத்தில் இங்கிலீஷில் கத்தினாள். ஒரு மாத்திரை குறையவில்லை.

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று ஆள் வந்தது. கீழேயிருந்த புடவைக்கடையின் முதலாளி, தோளில் அளக்கிற நாடாவோடு, மூச்சு வாங்க நின்றார்.

“என்ன, குண்டா? எங்க? கடையில இருந்த சனம் எல்லாம் வாங்கின சாமானப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டு!”

எட்டிப் பார்த்தோம். உண்மைதான். காலி வீதியின் மறுபக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் வெறுங்கையோடு எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிஸ் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கக் கீழே ஓடினார். பரீட்சைக்காரர் மெத்தையில் உட்கார்ந்தபடியே கோப்பில் ஏதோ எழுதினார். அவள் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். சத்தமாக அழுதாள். நான் கால்விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் தேறினோம். கம்பனிக்காரர் வந்து நேர்முகம் வைத்தபோது என் முழங்கையில் இருந்த சுட்ட தழும்பைப் பார்த்தார்கள். சின்ன வயதில் அடுப்பில் பட்டது. அவர்களுடைய சீருடைக்கு அரைக் கை. அவ்வளவுதான் என் விமானம். கோபம் வந்தது, வீட்டில் இரண்டு பீங்கான் உடைந்தது. பிறகு விமான டிக்கெட் போடுகிற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஊரில் பாதிப் பேரை நான்தான் ஏற்றி அனுப்பினேன். அது பரவாயில்லை. அவளை எடுத்தார்கள்.

அவள் போகிற நாளில் வழியனுப்ப வவுனியாவிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. நான் போனேன். அந்தக் காலத்தில் கட்டுநாயக்காவில் விமான நிலையத்துக்குக் கிட்டவே போக விடமாட்டார்கள். வெளிக் கேற்றில் எல்லோரையும் இறக்கி, டிக்கெட் உள்ளவர்களை மட்டும் வேறொரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மணல் மூட்டை, முள்ளுக்கம்பி, ஐந்தாறு ஆமிக்காரர். அழுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கேற்றடியிலேயே அழுது முடிக்க வேண்டும்.

நாங்கள் அழவில்லை. அவள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சண்டை பிடித்தோம். நான் மீன் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன், அன்று வெள்ளி என்பதை மறந்து.

“உமக்கு எத்தனை தரம் சொல்லுறது?”

“நாளைக்குச் சாப்பிடு. நாளைக்குச் சனிதான?”

வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் அசைந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து, கொண்டையோடு தலையை வெளியே நீட்டி, அந்தப் பலகை விமானத்தில் கத்திய அதே சத்தத்தில் கத்தினாள்.

“ஏய் கொட்டாஞ்சேனை! எல்லாத்தையும் விட்டிட்டு வா!”

கேற்றடியில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆமிக்காரர் ஐந்து பேரும் திரும்பினார்கள். முதலில் பஸ்ஸை, பிறகு அவள் யாரைப் பார்த்துத் தமிழில் கத்துகிறாள் என்று என்னை. திருப்பிக் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்கு, சத்தம் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கையையும் நீட்டவில்லை. நான் பார்த்தபோது என் அடையாள அட்டை என் கையில் இருந்தது. இரண்டு கையாலும் அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய சப்பாத்தை. இடது கால் நாடா அவிழ்ந்திருந்தது.

“எப்பா நங்கி” என்றான், வேண்டாம் என்று.

அவன் அட்டையை வாங்கவேயில்லை. நான் நிமிர்ந்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய கை மட்டும் தெரிந்தது. என்னுடைய கையையும் தூக்கினேன், அட்டையோடு.